நகரத்தின் பழங்காலத்தைக் கூட்டாகத் தேடுவது எப்படி? பெட்டியிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

நியூயார்க்கில் ஃபைவ் பாயின்ட்ஸ் என்றொரு பகுதி இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடி வந்த ஏழைகள் நெருக்கியடித்துக் குடியிருந்த இடம். 1991-இல் அங்கே நீதிமன்றக் கட்டடம் எழும்புவதற்கு முன் அகழாய்வு நடந்தது. கழிப்பறைக் குழிகள், தொட்டிகள், வீட்டுக் கொல்லைகள் என்று தோண்டியதில் சுமார் 8,50,000 பொருள்கள் வெளியே வந்தன. அவற்றை உலக வர்த்தக மையத்தின் 6-ஆம் எண் கட்டடத்து அடித்தளத்தில் வைத்திருந்தார்கள். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அவற்றில் மிஞ்சியவை வெறும் 18. அந்தப் பதினெட்டும் ஒரு கண்காட்சிக்கு இரவல் போயிருந்ததால் தப்பின.

ஆனாலும் ஃபைவ் பாயின்ட்ஸ் மக்கள் என்ன சாப்பிட்டார்கள், எந்தத் தட்டில் சாப்பிட்டார்கள் என்பது இன்றும் நமக்குத் தெரியும். பொருள்களை அதற்குள் எண்ணி, பட்டியலிட்டு, அறிக்கையும் எழுதி முடித்திருந்தார்கள். கிடங்கு போய்விட்டது, எழுத்து நின்றது.

ஒரு நகரத்தின் பழங்காலத்தைப் பலர் சேர்ந்து ஆராயக் கிளம்பும்போது எல்லோரும் குழியைப் பற்றியே பேசுவார்கள். நான் பெட்டியிலிருந்து தொடங்கச் சொல்வேன். தோண்டியெடுப்பவை கடைசியில் எங்கே போய் உட்காரும், யார் பார்த்துக்கொள்வார்கள், யார் எழுதி முடிப்பார்கள்? இதற்குப் பதில் இருந்தால் மற்றதெல்லாம் பின்னோக்கித் தானாக ஒழுங்குபடும். இல்லையென்றால் தோண்டாமல் இருப்பதே நல்லது. மண்ணுக்குள் இருக்கும்வரை அது பத்திரமாக இருக்கிறது. நாம் கை வைத்த நாளிலிருந்துதான் அழியத் தொடங்குகிறது.

முதல் படி: பெட்டிக்கு இடம்

அகழாய்வில் கிடைப்பதில் பெரும்பகுதி பானை ஓடும் எலும்பும் செங்கல் துண்டும்தான். இங்கிலாந்தின் யார்க் நகரில் காப்பர்கேட் என்ற ஒரே தெருவில் 1976 முதல் 1981 வரை தோண்டியதில் தனியாகப் பதிவுசெய்யத் தக்க பொருள்கள் மட்டும் சுமார் 40,000 கிடைத்தன. பானை ஓடும் விலங்கெலும்பும் தனிக் கணக்கு. சிறிய குழி தோண்டுகிறவர்களும் இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே முதல் கூட்டத்திலேயே ஓர் அருங்காட்சியகத்திடமோ தொல்லியல் துறையிடமோ பல்கலைக்கழகத்திடமோ எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அவர்கள் எந்த அளவுப் பெட்டியை ஏற்பார்கள், பைக்குள் என்ன சீட்டு வைக்க வேண்டும், எண் எப்படி எழுத வேண்டும் என்றெல்லாம் அவர்களிடமே விதி இருக்கும். அதைத் தோண்டுவதற்கு முன் கேட்டுக்கொண்டால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியதில்லை. எல்லாப் பானை ஓடுகளையும் காலமெல்லாம் வைத்திருக்க முடியாது என்பதால் எதை வைப்பது, எதை எண்ணி எடைபோட்டுவிட்டுக் கழிப்பது என்பதையும் அப்போதே முடிவுசெய்யுங்கள். கிளறிய மேல்மண்ணில் கிடைக்கும் செங்கல் துண்டுகளில் மாதிரிக்குச் சில போதும். அடையாளம் தெரியாத எதையும் கழிக்கக் கூடாது.

இரண்டாம் படி: யார் யாரெல்லாம் சேர வேண்டும்

ஆய்வாளர், மாணவர், தன்னார்வலர் என்ற மூன்றோடு பெரும்பாலான குழுக்கள் நின்றுவிடுகின்றன. வாழும் நகரத்தில் அது போதாது. அந்தத் தெருவில் குடியிருப்பவர், மனையின் உரிமையாளர், நகராட்சிப் பொறியாளர், கழிவுநீர்க் குழாய் போட்ட ஒப்பந்தக்காரர், ஆவணக் காப்பகத்தில் இருப்பவர் என்று எல்லோரும் வேண்டும். இவர்களையெல்லாம் விட முக்கியமானவர்கள், யாருடைய முன்னோரைப் பற்றி ஆராயப்போகிறோமோ அவர்கள்.

இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நியூயார்க்கே சாட்சி. அதே 1991-இல், அதே வட்டாரத்தில், பிராட்வே 290-ஆம் எண் மனையில் அரசு அலுவலகக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்க மக்களைப் புதைத்த இடுகாடு வெளிப்பட்டது. அடிமைகளாகவும் விடுதலை பெற்றவர்களாகவும் வாழ்ந்தவர்கள். கட்டட வேலை நிற்கக் கூடாது என்று அவசர அவசரமாக எலும்புகளை எடுத்தார்கள். நகரத்தின் கறுப்பின மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 1992-இல் தோண்டல் நின்றது. ஆராயும் பொறுப்பு ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பிளேக்கியின் தலைமையிலான குழுவிடம் போனது.

அந்தக் குழு செய்த காரியம்தான் நம் தலைப்புக்கு உயிர். வழித்தோன்றல் சமூகத்தோடு உட்கார்ந்து பேசி ஆய்வின் கேள்விகளையே அவர்களோடு சேர்ந்து வகுத்தார்கள். இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? உடலளவில் எப்படிப்பட்ட வாழ்க்கை வாழ்ந்தார்கள்? ஆப்பிரிக்கர்கள் ஆப்பிரிக்க அமெரிக்கர்களாக எப்படி மாறினார்கள்? அடிமைத்தனத்தை எப்படி எதிர்த்தார்கள்? கடைசிக் கேள்வி எலும்பை மட்டும் பார்க்கிறவருக்குத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான். 419 பேரின் எச்சங்களை ஆராய்ந்தபின் 2003 அக்டோபரில் மரியாதையோடு அங்கேயே மீண்டும் அடக்கம் செய்தார்கள். 2006-இல் அந்த இடம் தேசிய நினைவுச் சின்னமானது.

கூட்டு ஆய்வு என்றால் மண் சுமக்க ஆள் சேர்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கேள்வி கேட்கும் உரிமையைப் பகிர்ந்துகொண்டால்தான் அது கூட்டு.

இரண்டு பக்கத்துக்கு மேல் போகாத ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். எதைத் தேடுகிறோம், எதைத் தேடப்போவதில்லை, பொருளும் படமும் தரவும் யாருக்குச் சொந்தம், யாரைக் கேட்காமல் செய்தியாளரிடம் பேசக் கூடாது, மனித எலும்பு கிடைத்தால் என்ன செய்வது, கட்டுரையில் யார் பெயர் வரும், பாதியில் பணம் தீர்ந்தால் குழியை யார் மூடுவார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். கேட்டுவிடுங்கள். அப்புறம், மனித எலும்பு தென்பட்டால் அந்த நிமிடமே வேலையை நிறுத்த வேண்டும், படமெடுத்துப் பரப்பக் கூடாது, சட்டப்படி தெரிவிக்க வேண்டியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது குழியில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: மண்ணைத் தொடுமுன் காகிதத்தைத் தோண்டுவது

நகர அகழாய்வின் பாதி வேலை மேசையில் நடக்கிறது. தோண்டத் தெரியாதவர்களும் முதியவர்களும் வெயிலில் நிற்க முடியாதவர்களும் முழுமையாகப் பங்கெடுக்கும் இடமும் இதுதான்.

பழைய வரைபடங்களில் தொடங்குங்கள். ரோம் நகருக்கு 1748-இல் ஜாம்பத்திஸ்தா நொல்லி வெளியிட்ட வரைபடம் தெருக்களோடு கோயில்களின் உள்கூடங்களையும் காட்டுகிறது. அமெரிக்க நகரங்களுக்குத் தீ காப்பீட்டுக்காக சான்போர்ன் நிறுவனம் 1867 முதல் வரைந்த படங்களில் எந்தச் சுவர் செங்கல், எது மரம் என்பதுகூட உண்டு. எல்லா ஊருக்கும் இவ்வளவு வாய்க்காது. நில அளவைப் படம், வரிப் பதிவேடு, கிரயப் பத்திரம், நகராட்சியின் கட்டட அனுமதிக் கோப்பு, பழைய ஒளிப்படம், வான்படம் ஆகியவற்றை அடுக்கடுக்காகச் சேர்க்க வேண்டும். கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் பழைய படத்தை இன்றைய படத்தின் மேல் பொருத்தலாம். இடம் மாறாமல் நிற்கும் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்தால்தான் பொருத்தம் சரியாக வரும். பழைய கிணறு, கோபுர மூலை, பாலத்தின் முனை போன்றவை நல்ல தேர்வு. தெரு முனைகளை நம்பாதீர்கள், அவை அகலப்படுத்தப்பட்டிருக்கும்.

படத்தில் இருப்பதையும் நம்ப வேண்டும். மேலே சொன்ன இடுகாடு 18-ஆம் நூற்றாண்டு வரைபடங்களிலேயே தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னால் வந்த கட்டடங்களின் அடித்தளங்கள் அதை அழித்திருக்கும் என்று திட்டமிட்டவர்கள் தாங்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள். பள்ளமாக இருந்த நிலத்தைப் பிற்காலத்தில் மண் கொட்டி மேடாக்கியிருந்ததால் 16 முதல் 25 அடி மண்ணுக்கு அடியில் கல்லறைகள் பத்திரமாக இருந்தன.

அதனால் அடுத்து செய்ய வேண்டியது ஆழக் கணக்கு. கட்டடம் கட்டுவதற்கு முன் பொறியாளர்கள் மண் பரிசோதனைத் துளை போடுவார்கள். அந்த அறிக்கைகள் யாரும் சீந்தாமல் அலுவலக அலமாரிகளில் கிடக்கும். அவற்றில் ‘கரி கலந்த கறுப்பு மண்’, ‘உடைந்த செங்கல்’, ‘இயற்கை மணல்’ என்று ஆழத்தோடு எழுதியிருப்பார்கள். ஐம்பது துளைகளின் விவரத்தைப் படத்தில் குறித்தாலே நகரத்தின் எந்த மூலையில் பழைய மண் தடிமனாக இருக்கிறது, எங்கே அடித்தளம் எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று ஓரளவு தெரிந்துவிடும். பொறியாளர் ஒருவரைக் குழுவில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான்.

கூடவே பெரியவர்களிடம் பேசுங்கள். எந்தத் தெருவில் மழைநீர் தேங்கும், எந்த வீட்டுக்கு அடியில் கிணறு இருந்தது, எங்கே அடித்தளம் போடும்போது பானை கிடைத்தது என்பதெல்லாம் பேச்சில்தான் வரும். சொன்னவர் அனுமதியோடு ஒலிப்பதிவு செய்து, சொன்ன தேதியையும் இடத்தையும் குறித்துவையுங்கள். நினைவு ஒரு சான்று, ஆனால் அதையும் மற்றச் சான்றைப் போலவே சரிபார்க்க வேண்டும்.

நான்காம் படி: ஒரு கேள்வி

‘இந்த நகரம் எவ்வளவு பழமையானது?’ என்பது கேள்வி போலத் தோன்றும். அதை வைத்துக்கொண்டு எங்கே தோண்டுவது என்று முடிவெடுக்க முடியாது. ‘ஆற்றங்கரைச் சுவர் கட்டுவதற்கு முன் கரை எங்கே இருந்தது?’ என்று கேட்டால் குழியின் இடமும் ஆழமும் எந்த நிபுணர் வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். தொன்மையைப் போட்டியாக்கும் கேள்விகள் குழுவையே உடைக்கும். யாருக்கோ வேண்டிய விடையை மண்ணிடம் கேட்கும் பழக்கம் அதிலிருந்துதான் வருகிறது.

புதிய காலத்தையும் கேள்விக்குள் கொண்டுவரலாம். 1973-இல் வில்லியம் ராத்ஜே அமெரிக்காவின் டூசான் நகரில் அப்போது வீடுகளில் கொட்டிய குப்பையையே தொல்லியல் முறைப்படி ஆராயத் தொடங்கினார். மக்கள் குடிப்பதாகச் சொன்ன அளவும் குப்பையில் கிடந்த மது புட்டிகளும் ஒத்துப்போகவில்லை. வாயால் சொல்வதும் மண்ணில் போடுவதும் வேறு வேறு என்பது எல்லா நூற்றாண்டுக்கும் பொருந்தும்.

ஐந்தாம் படி: அனுமதி

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஆனாலும் பெரும்பாலும் பொதுவானது ஒன்று உண்டு. தொல்பொருள் இருக்கும் இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டுவது பல நாடுகளில் குற்றம், தோண்டுபவர் தகுதியுள்ள ஆய்வாளராக இருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கும். மனை உரிமையாளரின் ஒப்புதல் தனி. மின்கம்பி, எரிவாயு, தண்ணீர்க் குழாய் போகும் தடம் பற்றிய தகவல் தனி. மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு வாய்ப்பையும் இங்கே சொல்ல வேண்டும். நகரங்களில் பெரும்பாலான அகழாய்வு கட்டடம் வருவதால்தான் நடக்கிறது. 1989-இல் லண்டனில் ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டு, அதைக் காப்பாற்றப் போராட்டம் நடந்தபின், 1990-இல் இங்கிலாந்தில் புதிய திட்ட வழிகாட்டல் வந்தது. கட்டட அனுமதி கேட்பவரே தொல்லியல் ஆய்வுக்கும் பொறுப்பேற்கும் வழக்கம் அதோடு ஊன்றிவிட்டது. 1992-இல் ஐரோப்பிய நாடுகள் வலெட்டாவில் செய்த உடன்படிக்கையும் இதே பாதைதான். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாந்திரியா நகரம் 1989-இல் தனக்கென்றே தொல்லியல் பாதுகாப்பு விதி இயற்றியது. அங்கே நகராட்சித் தொல்லியலாளர்களோடு தன்னார்வலர்கள் தொடர்ந்து வேலை செய்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கட்டட வேலையாள்களோடு ஒருமுறை உட்கார்ந்து பேசுவதும் அனுமதி வாங்குவதற்கு நிகரானது. 1978 பிப்ரவரி 21-ஆம் தேதி மெக்சிகோ நகரின் நடுவில் மின்வாரியத் தொழிலாளர்கள் பள்ளம் தோண்டும்போது செதுக்கிய கல் தட்டுப்பட்டது. தலையும் கைகால்களும் துண்டிக்கப்பட்ட நிலவுத் தெய்வம் கொயோல்ஷாவ்கி, மூன்று மீட்டருக்கு மேல் விட்டமுள்ள வட்டக்கல். அவர்கள் உடைத்துத் தள்ளாமல் நிறுத்திச் சொன்னார்கள். அஸ்தெக்குகளின் பெருங்கோயிலான டெம்ப்லோ மயோரின் பெரிய அகழாய்வு எதுவார்தோ மாத்தோஸ் மொக்தெசூமாவின் தலைமையில் அங்கிருந்துதான் தொடங்கியது.

ஆறாம் படி: தோண்டாமல் பார்ப்பது

தெருத்தெருவாக நடந்து பதிவுசெய்யுங்கள். பழைய சுவர்களில் செங்கல் அளவு மாறும் இடம், அடைத்த வாசல், திரும்பப் பயன்படுத்திய தூண், தெரு மட்டத்துக்குக் கீழே போய்விட்ட படி என்று எல்லாவற்றையும் அளவுகோலோடு படமெடுக்க வேண்டும். லண்டனில் 2008-இல் தொடங்கிய தேம்ஸ் டிஸ்கவரி திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. தேம்ஸ் ஆற்றில் நாளுக்கு இரண்டு முறை நீர் வடியும்போது கரைச்சேறு வெளித் தெரியும். பழைய படகுத்துறை மரங்களும் மீன்பிடிப் பொறிகளும் அதில் நிற்கும். அலை அரித்துக்கொண்டே இருப்பதால் ஒரு முறை அளந்தால் போதாது, திரும்பத் திரும்ப வர வேண்டும். தொழில்முறை ஆய்வாளர்களால் அது முடியாது. பயிற்சி பெற்ற குடிமக்களால் முடிகிறது.

தரைக்குள் வானொலி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் அலையை வைத்து உள்ளே இருப்பதைக் காட்டும் ராடாரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இத்தாலியில் ஃபலேரி நோவி என்ற ரோமானிய நகரத்தை, மதிலுக்குள் 30.5 ஹெக்டேர் முழுவதையும், ஒரு கல்லும் புரட்டாமல் ராடாரால் படம் பிடித்து 2020-இல் வெளியிட்டார்கள். ஆனால் அது இன்று வயல்வெளி. மக்கள் வாழும் தெருவில் குழாய், கம்பி, கான்கிரீட், ஈரம் எல்லாம் குறுக்கே நிற்கும். பூங்கா, பள்ளி மைதானம், கோயில் முற்றம் போன்ற திறந்த இடங்களில் பலன் கிடைக்கலாம்.

ஏழாம் படி: குழி

வழிகாட்டியில் ஏழாம் படியாகத்தான் குழி வருகிறது. சரி, இறங்குவோம்.

நகர மண் அடுக்கிவைத்த பாய்கள் போல இருக்காது. குழி வெட்டுவார்கள், நிரப்புவார்கள், சுவர் எழுப்புவார்கள், அந்தச் சுவரின் கல்லைப் பிடுங்க மறுபடி வெட்டுவார்கள். இத்தனையையும் ‘இத்தனை அடி ஆழத்தில் இது கிடைத்தது’ என்று மட்டும் எழுதினால் எல்லாம் குழம்பிவிடும். ஒரே ஆழத்தில் இருநூறு ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு மண் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும்.

அதனால் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் எண் கொடுங்கள். அப்படி எண் பெற்ற ஒவ்வொன்றும் ஓர் அலகு. மண் தரை 101 என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தரையை வெட்டிய குழி 102. குழியை நிரப்பிய குப்பை 103. அதன் மேல் எழுந்த சுவர் 104. வெட்டியது ஒரு நிகழ்வு, நிரம்பியது இன்னொரு நிகழ்வு. இரண்டுக்கும் நடுவே பத்து ஆண்டு இருக்கலாம். எது எதை வெட்டுகிறது, எது எதன் மேல் கிடக்கிறது என்பதை மட்டும் வைத்து 104, 103, 102, 101 என்று மேலிருந்து கீழாகக் கட்டம் போட்டு இணைத்தால் அந்த இடத்தின் வரலாறு ஒரு தாளில் வந்துவிடும். இதைத்தான் ஹாரிஸ் அட்டவணை என்கிறார்கள். இங்கிலாந்தின் வின்செஸ்டர் அகழாய்வுப் பதிவுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எட்வர்ட் ஹாரிஸ் 1973-இல் கண்டுபிடித்தது. தோண்டி முடித்தபின் இதைச் சரியாக வரைவது கடினம். அன்றன்றைக்கு, குழியோரத்திலேயே வரைய வேண்டும்.

புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் கரண்டி கொடுப்பதில்லை. பதிவுத்தாளைக் கொடுத்து, பக்கத்துக் குழியின் மண்ணை வர்ணிக்கச் சொல்வேன். நிறம், ஈரம், இறுக்கம், மணலா களியா, என்ன கலந்திருக்கிறது, ஓரம் எங்கே முடிகிறது. இரண்டு பேர் ஒரே மண்ணுக்கு இரண்டு நிறம் எழுதுவார்கள், அதிலேயே அரை நாள் வாக்குவாதம் நடக்கும். அந்த வாக்குவாதம் வீண் இல்லை. நிற அட்டையின் அவசியம் அதற்கப்புறம் சொல்லாமலே புரியும்.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழியிலிருந்து தள்ளி, அசையாத இடத்தில் ஒரு மட்டக்குறி வைத்து எல்லா ஆழத்தையும் அதிலிருந்து அளங்கள். டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி இல்லையென்றால் டம்பி லெவல் என்ற எளிய மட்டக் கருவியும் அளவு நாடாவும் போதும். அலகு மாறும்போதெல்லாம் வடக்குக் குறியும் அளவுகோலும் எண் பலகையும் வைத்துப் படமெடுங்கள். முப்பரிமாண உரு வேண்டுமானால் அடுத்தடுத்த படங்கள் 60 முதல் 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். இடுப்பளவுக்கு மேல் ஆழம் போகுமானால் பக்கச் சுவர் சரியாமல் தாங்கு கட்டவோ படிப்படியாக வெட்டவோ வேண்டும், இதில் சமரசமே கிடையாது. பழைய பட்டறை, சாயத்தொழில், எரிபொருள் கிடங்கு இருந்த இடமென்றால் மண்ணில் நஞ்சு இருக்கிறதா என்று முன்பே சோதியுங்கள்.

கழிப்பறைக் குழிகளை விட்டுவிடாதீர்கள். 1972-இல் யார்க்கில் ஒரு வங்கிக் கட்டடம் எழும்பிய இடத்தில், வைக்கிங் காலத்து மனிதர் ஒருவர் விட்டுப்போன 20 சென்டிமீட்டர் நீள மலம் கிடைத்தது. இறைச்சியும் ரொட்டியும் தின்றார், வயிற்றில் குடற்புழு இருந்தது என்றெல்லாம் அது சொல்லிவிட்டது. எந்தக் கல்வெட்டும் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியதில்லை. அத்தகைய மண்ணை வாளி வாளியாக எடுத்துத் தண்ணீரில் அலசினால் விதைகளும் கரித்துணுக்குகளும் மிதந்து வரும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கண்ணுள்ள சல்லடையில் அவற்றைப் பிடித்து நிழலில் உலர்த்த வேண்டும்.

எதைத் தேடுகிறோம் என்று மண் அள்ளுகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ரஷ்யாவின் நோவ்கொரோத் நகரில் 1932 முதலே அகழாய்வு நடந்துவந்தது. பூர்ச்ச மரப்பட்டையில் மக்கள் எழுதியிருப்பார்கள் என்ற ஊகமும் இருந்தது. முதல் எழுத்துள்ள பட்டையை 1951 ஜூலை 26 அன்று கண்டெடுத்தது குழியில் வேலைக்கு வந்திருந்த உள்ளூர்ப் பெண் ஒருவர், மரத்தளப் பலகையின் இடுக்கில். அதற்கப்புறம் ஒவ்வொரு சுருளையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். இன்று அந்த நகரத்தில் கிடைத்தவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. கடன் கணக்கு, வீட்டுச் சண்டை, ஒன்ஃபிம் என்ற சிறுவன் எழுதப் பழகிய பாடமும் கிறுக்கிய படமும்கூட அவற்றில் உண்டு.

எட்டாம் படி: கழுவுவது, எண்ணுவது, எழுதுவது

என் கணக்கு இது: ஒரு நாள் தோண்டினால் மூன்று நாள் மேசை வேலை. தன்னார்வலர்கள் ஒரு வாரம் குழியில் உற்சாகமாக இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். கழுவாத ஓடுகள் பையிலேயே பூசணம் பிடிக்கும். ஒரு களத்தில் நான் சேர்ந்தபோது முந்தைய ஆண்டின் பைகள் வரிசையாக இருந்தன. உள்ளே வைத்த காகிதச் சீட்டுகள் ஈரத்தில் கரைந்து கூழாகியிருந்தன. ஓடுகள் அழகாகவே இருந்தன, எந்தக் குழி என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அவற்றை வகுப்பறையில் காட்டப் பயன்படுத்தினோம், வேறெதற்கும் உதவவில்லை. சீட்டு நனையாத தாளில், பென்சிலில் அல்லது அழியாத மையில், பைக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று. இதுதான் இந்த வழிகாட்டியிலேயே விலை குறைந்த, பலன் கூடிய விதி.

பானை ஓடுகளை மென்மையான பல்துலக்கியால் கழுவலாம். உள்பக்கம் கருகிய உணவுப் படிவு இருந்தால் கழுவாதீர்கள், அந்தக் கருகலிலிருந்து என்ன சமைத்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியும். உலோகத்தைக் கழுவவே கூடாது, ஈரமுறிஞ்சியோடு காற்றுப்புகாத பெட்டியில் வைக்க வேண்டும். சேற்றில் கிடைத்த மரமும் தோலும் நேர் எதிர். காய்ந்தால் சுருங்கி வெடித்துவிடும், பாதுகாப்பு நிபுணர் வரும்வரை ஈரத்திலும் இருட்டிலும் குளிர்ச்சியிலும் இருக்கட்டும்.

அப்புறம் ஒவ்வொரு அலகின் ஓடுகளையும் வகை பிரித்து எண்ணுங்கள், எடையும் போடுங்கள். இரண்டும் வேண்டும், மெல்லிய பானை நூறு துண்டாக உடையும், தடித்த தாழி பத்துத் துண்டாக. விளிம்பும் அடிப்பாகமும் வேலைப்பாடும் உள்ளவற்றை வரைய வேண்டும்.

ஒன்பதாம் படி: காலம்

103-ஆம் அலகில் 1850-இல் அச்சடித்த காசு கிடைத்தால் அந்தக் குழி 1850-இல் நிரம்பியது என்று அர்த்தமில்லை. 1850-க்கு முன் நிரம்பியிருக்க முடியாது, அவ்வளவுதான். காசு முப்பது ஆண்டு கைமாறிவிட்டும் விழுந்திருக்கலாம். நகர மண்ணைக் கிளறிக்கொண்டே இருப்பதால் பழைய ஓடு புதிய மண்ணுக்கு ஏறி வருவதும் சகஜம். ஆக, ஓர் அலகுக்குக் காலம் குறிக்கும்போது அதில் கிடைத்தவற்றுள் மிகப் புதியது எது என்று பாருங்கள். மிகப் பழையதைத் தூக்கிப் பிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும்.

எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயதைச் சொல்லும் கரிமக் காலக்கணிப்புக்கு நீண்ட நாள் வாழ்ந்த மரத்தின் கரியைவிட விதையும் தானியமும் நல்லவை. மரத்தின் நடுத்தண்டு அது எரிந்த நாளைவிட நூறு ஆண்டு மூத்ததாக இருக்கலாம். கி.மு. 800-க்கும் 400-க்கும் இடைப்பட்ட மாதிரிகளில் இன்னொரு சிக்கல். ஆய்வகம் அளந்த வயதை நாள்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் திருத்த வரைகோடு அங்கே தட்டையாக ஓடுவதால் விடை நூற்றாண்டுக்கணக்கில் அகலமாக வரும். ஒரே ஒரு மாதிரியின் முடிவை வைத்துப் பத்திரிகையாளரைக் கூப்பிடாதீர்கள்.

மரம் அழியாமல் இருக்கும் ஈர மண் வாய்த்தால் அதிர்ஷ்டம். நோவ்கொரோதின் வெலிகயா தெருவில் மரத்தளம் ஒன்றன்மேல் ஒன்றாக 28 முறை போடப்பட்டிருந்தது. மரத்தின் ஆண்டு வளையங்களை ஒப்பிடும் மரவளையக் கணிப்பால் கி.பி. 953 முதல் 1462 வரை ஒவ்வொரு தளத்தையும் எந்த ஆண்டு வெட்டிய மரம் என்று சொல்ல முடிந்தது. சில நகரங்களுக்குத் தீயே நாள்காட்டி. லண்டனில் பூடிக்கா அரசி ரோமானியரை எதிர்த்து எழுந்த கி.பி. 60–61 கலகத்தில் நகரம் எரிந்த சிவந்த மண் பல இடங்களில் ஒரே அடுக்காகத் தெரிகிறது. வேறு வேறு குழுக்கள் வேறு வேறு ஆண்டுகளில் தோண்டிய குழிகளை ஒன்றோடொன்று கோக்க அது கைகொடுக்கிறது.

பத்தாம் படி: கோத்து எழுதி ஒப்படைப்பது

நகர ஆய்வில் ஒரு குழி தனியாக அதிகம் பேசாது. பத்துக் குழிகள் ஒரே எண்முறையில், ஒரே மட்டக்குறியில், ஒரே வகைப்பெயரில் பதிவாகியிருந்தால்தான் நகரம் தெரியும். ஒரு குழு ‘சிவப்பு ஓடு’ என்று எழுதி மற்றொன்று ‘செம்மண் பூச்சு ஓடு’ என்று எழுதினால் அட்டவணை ஒட்டாது. குழுக்கள் சேர்ந்து ஒரு சொற்பட்டியலையும் மாதிரி ஓடுகளின் தட்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். தரவை எளிய அட்டவணைக் கோப்பாகவும் படங்களைப் பரவலான வடிவத்திலும் குறைந்தது இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமியுங்கள். திறந்த உரிமத்தில் வெளியிடுவது நல்லது. ஆனால் கொள்ளை போகக்கூடிய இடங்களின் துல்லியப் புள்ளியையும் சமூகம் மறைக்கக் கேட்ட விவரங்களையும் வெளியிட வேண்டாம்.

கருத்து வேறுபாட்டை அறிக்கைக்குள் எழுதுங்கள். ‘இது கோயில் சுவர் என்று தெருவாசிகள் நினைக்கிறார்கள், கிடங்குச் சுவர் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள், இரண்டுக்கும் ஆதாரம் இவை’ என்று எழுதுவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. தெருவாசிகளுக்கென்று அவர்கள் மொழியில் பத்துப் பக்கத்தில் ஒரு சிறு நூலும் வேண்டும். அதை முழு அறிக்கைக்காகக் காத்திருக்காமல் முதல் ஆண்டிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஒப்படைக்கும் நாளன்று ஒரு சோதனை. குழியை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவரை அழைத்து, ஏதாவது ஐந்து பெட்டிகளிலிருந்து ஐந்து பைகளை எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது. பையில் உள்ள சீட்டு, பதிவேடு, அலகுத்தாள், வரைபடம் ஆகியவற்றை மட்டும் வைத்து, இது எந்தக் குழியில், எந்த மண்ணில், எந்த நாளில், யார் கையால் எடுத்தது என்று அவர் சொல்ல வேண்டும். ஐந்தில் ஒன்று தவறினாலும் பெட்டிகளைத் திரும்ப எடுத்துவாருங்கள், ஒப்படைப்பு அடுத்த வாரம் நடக்கட்டும்.